கழுத்தை இளக்குதல்

கரண்ட் போகிற ராத்திரிக்காகக் காத்திருப்பவள்
எர்ணாவூரில் நான் ஒருத்திதான்.

சுவிட்சை அணைத்தால் போதாதா என்பீர்கள்.
போதாது.
எதிர்வீட்டு டியூப்லைட், தெருவிளக்கு,
கொசுவலைக்குள் செல்போன் பார்க்கும் ரொசாரியோவின் முகம்,
எல்லாம் ஜன்னல் வழியே ஏறிவந்து
என் மேஜைமேல் உட்கார்ந்துகொள்ளும்.
பித்தளை பழுக்கத் தொடங்கும் முதல் நிறம்
இத்தனை கூட்டத்தில் வெளியே வராது.
அனல்மின் புகைபோக்கியின் நிழலில் குடியிருக்கிறோம்,
ஊருக்கெல்லாம் போய்விட்டு மிச்சமிருந்தால்
கரண்ட் எங்களுக்கு வரும்.
எனக்கு அது சௌகரியம்.

நாலு முறை சுட்ட தோட்டாக் கூடுகள்.
சுடும்போது கழுத்து விரியும்,
அச்சில் தள்ளி நான் இறுக்குவேன்.
விரிந்து, இறுகி, விரிந்து, இறுகி
இப்போது முரண்டு பிடிக்கிறது.
ஒரு குண்டை நெரிக்கும்,
இன்னொன்றைச் சும்மா விட்டுவிடும்.
அந்த வித்தியாசம் முந்நூறு மீட்டர் போனபிறகு
சுண்டுவிரல் அகலத்துக்குத் தெரியும்.

"அதுக்கா இம்மாம் பாடு?" என்றாள் மலர்க்கொடி.
"கடைசில இன்னாத்த சுடுவ?"
"காகிதத்தை."
புருஷனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடியை இரு விரலால் பிடித்து
நீலத் தீயில் கழுத்தை உருட்ட வேண்டும்.
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே.
தலைப்பக்கம் கெட்டியாகவே இருக்கணும்,
கழுத்து மட்டும் இளகணும்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதும்
கழுத்தைப் பற்றித்தான்,
தலையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

போன மார்கழியில் முப்பது முடித்தேன்.
இருபது பாக்கி.
ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று டப்பாவில் போட்டேன்.

வியாழன் ராத்திரி
எங்கோ ஒரு குழாய் கசிந்தது.
மூக்கில் ஊசி ஏற்றியதுபோல நெடி.
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, நைட்டியோடு, செருப்பில்லாமல்
தெருவே தெற்குப் பக்கம் ஓடிற்று.
கல்யாண மண்டபத்தில் மூன்று நாள்.
டாக்டர் ஒருவர் டார்ச் அடித்து
வரிசையாக எங்கள் தொண்டைகளைப் பார்த்தார்.
ஒன்றும் தெரியவில்லை,
தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார்.

வீடு திரும்பி டப்பாவைத் திறந்தேன்.
இளக்கிய முப்பதும் முழுசாக இருந்தன.
இளக்காத இருபதில் பதினொன்று
கழுத்தோரம் கிழிந்திருந்தன,
நகத்தால் கீறியதுபோல நேர்க்கோடாய்.
யாரும் சுடவில்லை.
யாரும் தொடவில்லை.
உள்ளே இறுக்கத்தை வைத்துக்கொண்டு
சும்மா இருந்தன, அவ்வளவுதான்.

லைசென்ஸ் நோட்டோடு ஸ்டேஷனுக்குப் போனேன்.
ஏட்டு தேவசகாயம் எண்ணினார்.
"அம்பது சரியா இருக்கு. இந்தப் பதினொண்ணு ஏன் வெடிச்சிருக்கு?"
"காத்து சார்."
பேனா நின்றது.
"காத்துன்னு எழுத முடியாதும்மா."
'சேதம்' என்று எழுதிக்கொண்டார்.
அந்த நெடிக்குப் பிறகு அவரும்
நிமிஷத்துக்கொருதரம் கனைத்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்றைக்கு ஒன்பதரைக்குப் போனது.
மிச்சமிருந்த ஒன்பதை எடுத்து உட்கார்ந்தேன்.
நான்கு, ஐந்து,
தீயின் ஓரம் லேசாக ஆரஞ்சு தட்டும்,
பிறகு பித்தளைக்குள்ளிருந்து
விளக்கென்றும் சொல்ல முடியாத ஒரு மங்கல் சிவப்பு.
பார்த்த உடனே விட்டுவிட வேண்டும்,
அழகாயிருக்கிறதே என்று ஒரு நொடி கூடப் பார்த்தால்
கூடு பாழ்.
தண்ணீரில் ஸ்ஸ்.
எட்டு கழுத்து ஆயிற்று.

ஒன்பதாவது தீயில் இருக்கும்போது கரண்ட் வந்தது.
தெரு முழுக்க "ஏய்ய்ய்" என்று கத்தியது.
மிக்ஸி, டிவி, ரொசாரியோ வீட்டு மோட்டார்.
என் மேஜை வெளுத்துப்போனது.
நிறத்தைக் காணோம்.

விரலுக்குத்தான் தெரிந்தது.
போட்டேன்.